சைக்கிளில் சென்றவர் மீது கார் மோதினால்: நஷ்டஈடு பெறும் வழி

திசையன்விளையைச் சுற்றியுள்ள செம்மணல் தேரி நிலத்தில் பனையும் முருங்கையும் வாழையும் மக்களுக்கு வாழ்வளித்து வருகின்றன. இவ்வட்டாரத்தில் சைக்கிள் ஓர் உழவுக் கருவி போன்றது எனலாம். முருங்கைக்காய்க் கட்டைச் சந்தைக்குக் கொண்டு செல்பவரும், பதநீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வீதி வீதியாகச் செல்பவரும், மேல்நிலைப் பள்ளிக்கு அரசு வழங்கிய சைக்கிளில் செல்லும் மாணவ மாணவியரும் ஒரே சாலையைத்தான் பயன்படுத்துகின்றனர். அதே சாலையில்தான் உவரிக்கு வழிபடச் செல்வோரின் கார்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சேர விரையும் வண்டிகளும், நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையை நோக்கிச் செல்லும் வண்டிகளும் ஓடுகின்றன. இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்து வருபவருக்கும், இரண்டு சக்கரங்களின் மேல் உடலைத் தாங்கி வருபவருக்கும் மோதல் நேர்ந்தால் அடிபடுபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள், அதாவது 64,105, தமிழ்நாட்டிலேயே பதிவாயின. விபத்தைத் தடுப்பதே முதற்கடமை. ஆயினும் நேர்ந்துவிட்ட விபத்தினால் ஒரு குடும்பம் நிலத்தை அடகு வைக்கும் நிலைக்கு வராமல் காப்பதும் அதற்கு அடுத்த கடமையாகும். இதற்கு வேண்டிய சட்டம் உண்டு, பணமும் உண்டு. வழி அறியாமையினாலேயே பலர் அதை இழக்கின்றனர்.

நம் ஊர்களில் இதுபற்றி மூன்று தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. "நம் சைக்கிளுக்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லையே, நமக்கு யார் கொடுப்பார்?" என்பது ஒன்று. "கார்க்காரர் கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்" என்பது மற்றொன்று. "நம் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது, ஆகவே ஒன்றும் கிடைக்காது" என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஏன் தவறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வண்டிகள் சாலைக்கு வந்த தொடக்க காலத்தில், அடிபட்டவர் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து வண்டிக்காரரிடமே பணம் பெற வேண்டியிருந்தது. வண்டிக்காரரிடம் பணம் இல்லையெனில் தீர்ப்பு வெறும் காகிதமாகவே நிற்கும். இக்குறையைப் போக்கவே, வண்டி வைத்திருப்பவர் பிறருக்கு நேரும் தீங்குக்காகக் கட்டாயமாக இன்ஷ்யூரன்ஸ் செய்ய வேண்டும் என்று 1930ஆம் ஆண்டில் பிரிட்டனில் சட்டம் செய்தனர். நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அவ்வேற்பாடு இடம்பெற்று, 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. விபத்து நஷ்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க 1956ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2019இல் அது திருத்தப்பட்டது; இன்ஷ்யூரன்ஸ் பற்றிய திருத்தங்கள் 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டார் வண்டியையும் பொது இடத்தில் ஓட்டலாகாது. வண்டியின் உரிமையாளர் முதல் நபர். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி இரண்டாம் நபர். சாலையில் செல்லும் நீங்களும் நாமும் மூன்றாம் நபர். ஆகவே சைக்கிளுக்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லாதது ஒரு குறையே அன்று. காருக்கு எடுத்த இன்ஷ்யூரன்ஸே சைக்கிளில் சென்றவருக்காக எடுக்கப்பட்டதுதான். சைக்கிளின் பின்னால் அமர்ந்து சென்றவருக்கும் இவ்வுரிமை உண்டு.

2. விபத்து நடந்த நாளில் செய்ய வேண்டியவை

முதலில் உயிர், பின்னர்தான் வழக்கு. 108க்குத் தெரிவித்து ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் தருவதும் காரோட்டியின் கடமை என்று சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. உதவி செய்ய முன்வரும் வழிப்போக்கர் அஞ்ச வேண்டியதில்லை. அவர் தம் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி யாரும் வற்புறுத்தக்கூடாது. சாட்சி சொல்ல விரும்பினால் மட்டுமே அவர் சாட்சியாவார்.

சிகிச்சைச் செலவுக்கு அஞ்சி அடிபட்டவரை வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாகாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வகை செய்யப்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு ரூ.1,50,000 வரை, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது, "கார் மோதியதால் வந்த காயம்" என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்" என்று யாரேனும் சொல்லி, அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு அந்த ஒரு வரியே வழக்கைக் கெடுத்துவிடும். கார்க்காரரே அடிபட்டவரை அழைத்து வந்து சேர்க்கும் இடங்களில் இதில் தனிக் கவனம் வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில் இருப்போர் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வண்டி, சைக்கிள், சாலையில் உள்ள தடம், கண்ணாடிச் சிதறல் ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பது நன்று. எண் தெரிந்தால், வண்டியின் உரிமையாளர், இன்ஷ்யூரன்ஸ் விவரங்களைக் கண்டுபிடித்தல் எளிது. உடைந்த சைக்கிளை உடனே பழுது பார்த்துவிடலாகாது. போலீசும் மோட்டார் வாகன ஆய்வாளரும் பார்த்த பின்னரே அதைத் தொட வேண்டும்.

3. போலீஸ் நிலையத்தில்

முதல் தகவல் அறிக்கையே நஷ்டஈட்டு வழக்கின் அடிப்படை. தகவல் கொடுத்தவர் அதன் நகலை இலவசமாகப் பெற உரிமையுடையவர். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின்படி, அசட்டையாக வண்டி ஓட்டுதல் 281ஆம் பிரிவிலும், அதனால் காயம் விளைவித்தல் 125ஆம் பிரிவிலும், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 106ஆம் பிரிவிலும் பதிவாகும்.

2022 ஏப்ரல் முதல் போலீசாருக்கும் காலக்கெடு விதிக்கப்பட்டுள்ளது. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட வேண்டும். இவ்விதிகளை முறையாகச் செயற்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஆணையிட்டது. அடிபட்டவரின் உரிமைகள் இன்னவை என்று எழுதிய படிவத்தை அவரிடம் தருவதும் போலீசாரின் பொறுப்பு. இவ்வறிக்கைகள் அனுப்பப்பட்டனவா என்று கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. கேட்பதில் தயக்கம் வேண்டா.

இவ்விடத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் விபத்து நேர்ந்தால் பெரியவர்கள் கூடிப் "பேசி முடித்தல்" வழக்கமாயிருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆயினும் விபத்து நாளன்று காயத்தின் அளவு யாருக்கும் தெரியாது. அன்று வீக்கமாகத் தெரிந்தது பின்னர் எலும்பு முறிவாக இருக்கலாம். தலையில் பட்ட அடி ஒரு வாரம் கழித்து வெளிப்படலாம். சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு புகார் இல்லையென எழுதிக் கொடுத்த பின், ஆறு மாதம் படுக்கையில் கிடப்பவருக்கு ஊர்ப் பெரியவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்? பொதுச் சாலையில் அசட்டையாக ஓட்டிய குற்றம் ஊரார் பேசி முடிக்கும் குற்றங்களுள் அடங்கியதும் அன்று. கார்க்காரர் மனமுவந்து சிகிச்சைக்கு உதவினால் பெற்றுக்கொள்ளலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடலாகாது.

4. சேர்த்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

ஒரு பையில் கீழ்க்கண்டவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்.

(அ) முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப் பத்திரிகை ஆகியவற்றின் நகல்கள்.

(ஆ) விபத்துப் பதிவேட்டு நகல், மருத்துவமனையிலிருந்து விடுவித்த சீட்டு, எக்ஸ்ரே படங்கள், மருந்துக் கடை ரசீதுகள் அனைத்தும். ஐம்பது ரூபாய் ரசீதாயினும் எறியலாகாது.

(இ) ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு, உடனிருந்து கவனித்தவர் இழந்த கூலி, சத்துணவுச் செலவு பற்றிய குறிப்பு. இவற்றுக்கும் தீர்ப்பாயங்கள் தொகை அளிக்கின்றன.

(ஈ) வருமானத்தைக் காட்டுபவை: சிட்டா, அடங்கல், கமிஷன் கடைச் சீட்டுகள், பால் கூட்டுறவுச் சங்கப் பாஸ் புத்தகம், வங்கிப் பாஸ் புத்தகம்.

(உ) வயதைக் காட்டும் சான்று. நிலையான ஊனம் ஏற்பட்டிருந்தால் மருத்துவக் குழுவின் ஊனச் சான்று. மரணம் நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.

கூலிக்காரருக்கும் பனையேறிக்கும் சம்பளச் சீட்டு ஏது என்ற கேள்வி எழும். உழைத்துப் பிழைப்பவரிடம் வருமானத்துக்கு எழுத்துச் சான்று கேட்டு வழக்கைத் தள்ளலாகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து. 2011இல் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கிலும், 2014இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கிலும், சான்று இல்லாத நிலையிலும் நியாயமான மாத வருமானத்தை நீதிமன்றமே கணித்துக்கொண்டது. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்பதை அந்நீதிமன்றம் 2001இலும் 2021இலும் வலியுறுத்தியுள்ளது.

5. இரண்டு வழிகள், தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை

நஷ்டஈடு பெறச் சட்டம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது.

முதல் வழி 164ஆம் பிரிவு. இதில் யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மரணமானால் ரூ.5,00,000, கொடுங்காயமானால் ரூ.2,50,000. தொகை நிலையானது, விரைவில் கிடைக்கக்கூடியது.

இரண்டாவது வழி 166ஆம் பிரிவு. இதில் காரோட்டியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆனால் தொகைக்கு வரம்பு இல்லை. வயது, வருமானம், குடும்பத்தில் சார்ந்திருப்போர், ஊனத்தின் அளவு ஆகியவற்றைக் கொண்டு தீர்ப்பாயம் நியாயமான தொகையை விதிக்கும். மனுவில் கேட்டதைவிட அதிகமாகவும் வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

விபத்துத் தகவல் கிடைத்ததும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாட்களுக்குள் ஒரு தொகையை முன்மொழிய வேண்டும் என்று 149ஆம் பிரிவு கூறுகிறது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. 164ஆம் பிரிவுத் தொகையை இம்முறையில் ஏற்றுக்கொண்டால், 166ஆம் பிரிவின் கீழ் உள்ள மனு காலாவதியாகிவிடும். துயரத்தில் இருக்கும் விதவையின் கையில் ஐந்து லட்ச ரூபாய் பெரிதாகவே தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். கவனக்குறைவைக் காட்டச் சான்றே இல்லாத வழக்குக்கு முதல் வழி ஏற்றதாகலாம். குடும்பத் தலைவரை இழந்தவருக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் நன்மை தரும்.

காரோட்டி மீதான குற்ற வழக்கு விடுதலையில் முடிந்தாலும் நஷ்டஈட்டு வழக்கு கெட்டுவிடாது. உயரழுத்த மின்கம்பியில் பேருந்து உரசிப் பலர் இறந்த ஒரு வழக்கில், ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையான பின்னும், நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் உறுதி செய்தது. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; நஷ்டஈட்டு வழக்கில் எது நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும்.

6. தொகையைக் கணக்கிடும் முறை

2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கிலும், 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையே இன்று நாடெங்கும் பின்பற்றப்படுகிறது. இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

42 வயதான உழவர் ஒருவர் சைக்கிளில் செல்லும்போது கார் மோதி இறந்தார் என்று கொள்வோம். மாத வருமானம் ரூ.12,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர்.

ஆண்டு வருமானம்: ரூ.1,44,000.

எதிர்கால உயர்வு: சொந்தத் தொழில் செய்வோருக்கு 40 வயதுக்குக் கீழ் நூற்றுக்கு 40, 40 முதல் 50 வரை நூற்றுக்கு 25, 50 முதல் 60 வரை நூற்றுக்கு 10. இங்கு 25 சேர்த்தால் ரூ.1,80,000.

சொந்தச் செலவுக்குக் கழிவு: சார்ந்தோர் இருவர் அல்லது மூவராயின் மூன்றில் ஒரு பங்கு, நால்வர் முதல் அறுவர் வரை நான்கில் ஒரு பங்கு. இங்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் எஞ்சுவது ரூ.1,35,000.

பெருக்கும் எண்: 26 முதல் 30 வயது வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13, 51 முதல் 55 வரை 11, 56 முதல் 60 வரை 9. இங்கு 14ஆல் பெருக்கினால் ரூ.18,90,000.

இதனுடன் ஈமச் செலவு, சொத்து இழப்பு ஆகியவற்றுக்குத் தலா ரூ.15,000மும், துணையை இழந்ததற்கு ரூ.40,000மும் என 2017இல் விதித்த தொகைகள் சேரும். இவை மூன்றாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்குப் பத்து உயரும். மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் வழங்கப்படுவது வழக்கம். ஐந்து லட்சத்துக்கும் பத்தொன்பது லட்சத்தை நெருங்கும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்களே எடை போட்டுப் பார்க்கலாம்.

காயம்பட்டவர் கணக்கு வேறு. சொந்தச் செலவுக்குக் கழிவு கிடையாது. ஆனால் ஊனத்தின் அளவும் தொழில் இழப்பின் அளவும் ஒன்றல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 2010இல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது. முழங்காலில் நூற்றுக்கு 30 ஊனம் என்று டாக்டர் சான்று தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்கு அதனால் வருமானம் பெரிதும் குறையாது. பனையேறிக்கோ அக்காலால் இனிப் பனை ஏறவே முடியாது. 38 வயதான பனையேறிக்கு மாத வருமானம் ரூ.12,000 என்றும், தொழில் இழப்பு நூற்றுக்கு 60 என்றும் தீர்ப்பாயம் கொண்டால், எதிர்கால உயர்வைச் சேர்க்காமலே ரூ.1,44,000இல் நூற்றுக்கு 60ஐ 15ஆல் பெருக்க ரூ.12,96,000 ஆகும். சான்றில் உள்ள 30ஐ மட்டும் கொண்டால் பாதியே, அதாவது ரூ.6,48,000 கிடைக்கும். ஆகவே தாம் செய்த தொழில் எத்தகையது, எந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். சிகிச்சைச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, வேலையின்றி இருந்த மாதங்களின் இழப்பு, உடைந்த சைக்கிளின் விலை ஆகியவை தனியே சேரும்.

இறந்தவர் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருந்து, குடும்பம் அப்பணத்தைப் பெற்றிருந்தால், அதை நஷ்டஈட்டில் கழிக்கலாகாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு ரூ.20 கட்டும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்தவருக்கு விபத்து மரணமானால் ரூ.2,00,000 கிடைக்கும். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையினர் இதில் சேரலாம். இத்தொகையைக் கேட்கவும் குடும்பத்தார் மறக்கலாகாது.

7. சைக்கிளில் சென்றவர் மீதும் தவறு இருந்தால்

இருவர் மீதும் தவறு இருப்பின், தீர்ப்பாயம் அதைப் பங்கிட்டு, சைக்கிளில் சென்றவரின் பங்கை மட்டும் கழிக்கும். முழுத் தொகையும் போய்விடாது. மேற்கண்ட ரூ.18,90,000இல் நூற்றுக்கு 25 கழிந்தால் இழப்பு ரூ.4,72,500. இரவில் விளக்கின்றிச் சென்றார், பின்புறம் ஒளி காட்டும் சிவப்புக் கண்ணாடி இல்லை, குறுக்குச் சாலையிலிருந்து பாராமல் ஏறினார், கட்டு அகலமாக நீட்டிக்கொண்டிருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒரு சைக்கிள் விளக்கின் விலை சில நூறு ரூபாய். அது இல்லாததன் விலை பல லட்சம், சில வேளைகளில் உயிரே.

பிற நாடுகளில் சைக்கிளில் செல்வோருக்கு இதைவிட வலுவான காப்பு உண்டு. பிரான்சில் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், நெதர்லாந்தில் 1994ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டமும், நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் மோட்டார் வண்டியால் அடிபட்டால் பொறுப்பை முதன்மையாக வண்டிக்காரர் பக்கமே வைக்கின்றன. வலிமை மிக்க வண்டியை ஓட்டுபவருக்குக் கடமையும் மிகுதி என்பதே அதன் கருத்து. நம் 164ஆம் பிரிவு அத்திசையில் எடுத்து வைத்த அடியாகும்.

8. கார் நிற்காமல் போய்விட்டால்? இன்ஷ்யூரன்ஸே இல்லாவிட்டால்?

மோதிய வண்டி எதுவெனக் கண்டுபிடிக்க முடியாத விபத்துக்கு 161ஆம் பிரிவின்படி மரணமானால் ரூ.2,00,000மும், கொடுங்காயமானால் ரூ.50,000மும் அளிக்கப்படும். 2022 ஏப்ரலுக்கு முன் இத்தொகைகள் ரூ.25,000மும் ரூ.12,500மும் மட்டுமே. இதற்குத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் விசாரித்து ஒரு மாதத்துக்குள் கலெக்டருக்கு அறிக்கை அனுப்புவார். கலெக்டர் ஆணையிட்ட பின் பணம் வங்கிக் கணக்கில் சேரும். தாலுகா அலுவலகத்தில் விசாரித்தால் எவரிடம் கொடுக்க வேண்டும் என்பது தெரியும்.

காரோட்டிக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லையென்று கம்பெனி கை விரிக்கலாம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில், அத்தகைய நிலையில் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள ஆணையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காருக்கு இன்ஷ்யூரன்ஸே இல்லையெனில் உரிமையாளர் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அத்தகைய வண்டியைத் தக்க ஜாமீன் இன்றி விடுவிக்கலாகாது என்பது விதி. இதை உடனே தீர்ப்பாயத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

9. மனு, கால வரையறை, சட்ட உதவி

மனுவை விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும், மனுதாரர் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும், எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். கேரளத்தில் வேலைக்குச் சென்ற திசையன்விளைக்காரர் அங்கே அடிபட்டாலும், திருநெல்வேலி மாவட்டத்திலேயே வழக்கை நடத்தலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கூறுகிறது. இவ்வரையறையை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. ஆதலால் ஆறு மாதம் கடந்தவர் நம்பிக்கை இழக்காமல் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். கடக்காதவர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. போலீசார் அனுப்பும் விரிவான அறிக்கையையே மனுவாகக் கொள்ளலாம் என்றிருந்தாலும், தனி மனு கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர் தாலுகா சட்டப் பணிகள் குழுவையோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மருத்துவமனை வாயிலில் காத்திருந்து "பாதிக்குப் பாதி" பேசும் தரகர்களிடம் சிக்கலாகாது. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டு வழக்கு நடத்துவது வழக்கறிஞர் நெறிகளின்படி தடை செய்யப்பட்டதாகும்.

மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் சமரசமாக முடித்தால் பணம் விரைவில் கிடைக்கும். ஆனால் அங்கு முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது; ஆறாம் பகுதியில் கண்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தீர்ப்பாயத்தின் தொகை குறைவெனத் தோன்றினால் 90 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். தகராறுக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாயின் மேல்முறையீடு இல்லை.

சிறு பிள்ளைகளின் பங்கை வங்கியில் நிலை வைப்பாகப் போடும்படி தீர்ப்பாயம் ஆணையிடும். இது தண்டனை அன்று. உறவினரும் கடன்காரரும் பறித்துச் செல்லாமல் காக்கும் வேலி.

10. பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

முதலாவதாக, கிராம சபைக் கூட்டங்களில் இப்பொருளை ஒருமுறையேனும் விளக்க வேண்டும். சட்டப் பணிகள் குழுவைக் கேட்டால் வழக்கறிஞரை அனுப்பி உதவுவர். இரண்டாவதாக, 108, 15100 ஆகிய எண்களையும், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தின் எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். மூன்றாவதாக, கிராமச் சாலை பெருஞ்சாலையில் ஏறும் இடங்களில் தெருவிளக்கு எரிகிறதா, முட்செடி பார்வையை மறைக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். நான்காவதாக, சைக்கிள்களின் பின்புறம் ஒளி காட்டும் பட்டை ஒட்டும் பணியை இளைஞர் மன்றத்தாரைக் கொண்டு ஒரே நாளில் செய்து முடிக்கலாம். ஐந்தாவதாக, அடிபட்டவர் குடும்பத்துக்குத் துணையாக ஓர் அங்கத்தினர் போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உடன் செல்ல வேண்டும். படிப்பறிவு இல்லாத தாய்க்கு, காகிதங்களைச் சரியாகச் சேர்த்துத் தரும் ஒருவரே பெரிய துணை.

நஷ்டஈடு என்பது பிறர் இரக்கப்பட்டு அளிக்கும் தருமம் அன்று. அது சட்டம் அளித்த உரிமை. இழந்த உயிரையோ காலையோ அது திருப்பித் தராது. ஆயினும் பிள்ளைகளின் படிப்பு நிற்காமலும், நிலம் கைமாறாமலும் காக்கும். அவ்வளவைக் காப்பதற்கு வேண்டிய அறிவு ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவரிடமாவது இருத்தல் வேண்டும்.

வாசகர் வட்டங்களில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. உங்கள் ஊரில் இதுவரை நடந்த விபத்துகளில் எத்தனை "பேசி முடிக்கப்பட்டன"? அக்குடும்பங்கள் இன்று எந்நிலையில் உள்ளன?

2. 35 வயதான, மாதம் ரூ.10,000 ஈட்டும், மூவரைச் சார்ந்தோராகக் கொண்ட ஒருவர் இறந்தால், ஆறாம் பகுதியின்படி குடும்பத்தின் வருமான இழப்பு எவ்வளவு? (விடை: ரூ.17,92,000)

3. 164ஆம் பிரிவின் கீழ் தொகையை ஏற்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை யாவை?

4. உங்கள் பஞ்சாயத்து எல்லையில் சைக்கிளில் செல்வோருக்கு ஆபத்தான இடங்கள் எவை? அவற்றுள் எதனை இந்த ஆண்டே சரி செய்ய முடியும்?